கேத்தல் படிவும் தேசிக்காய்ப் புளியும்: இது நடுநிலையாக்கமா இல்லையா?

புன்னாலைக்கட்டுவன்_தரம்11

வணக்கம். இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறேன். அமிலம், மூலம் அலகில் மூன்று சந்தேகங்கள், யாராவது விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அம்மா தேசிக்காய்ப் புளி விட்டு ஊற வைப்பார், நுரைத்துக்கொண்டு கழன்று வரும். அந்தப் படிவு கல்சியம் காபனேற்று என்று ரீச்சர் சொன்னார். கல்சியம் காபனேற்று நீரில் கரையாது என்றும் படித்திருக்கிறோம். பிறகு அது எப்படித் தெளிந்த கிணற்றுத் தண்ணீருக்குள் வந்தது?

இரண்டாவது, தேசிக்காய்ப் புளியும் படிவும் சேர்ந்து நுரைப்பது நடுநிலையாக்கமா, அதாவது அமிலமும் மூலமும் ஒன்றையொன்று தணிக்கும் தாக்கமா? காபனேற்றும் ஒரு மூலம்தான், ஆகவே நடுநிலையாக்கம் என்கிறாள் என் சிநேகிதி. உப்பும் நீரும் மட்டும் வந்தால்தான் நடுநிலையாக்கம், இங்கே வாயுவும் வருகிறதே என்பது என் எண்ணம்.

மூன்றாவது, நடுநிலையாக்கம் முடிந்தால் பீஎச் (அமில, மூலத் தன்மையைக் காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே மூலம்) 7 என்று குறிப்பில் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் வினாகிரியையும் சோடியம் ஐதரொட்சைட்டையும் சரியான அளவில் சேர்த்துப் பீஎச் தாளில் தொட்டபோது நிறம் 8, 9 பக்கம் காட்டியது. தாள் பழசா, அல்லது குறிப்பு பிழையா?

செம்மண்

தங்கச்சி, மூன்றிலும் முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது, அதை விளங்கிக்கொண்டால் மற்ற இரண்டும் வழிக்கு வரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே தோண்டினாலும் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல மில்லியன் வருடங்களுக்கு முன், மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. நாங்கள் குடிப்பது முழுக்க மழை பெய்து கல்லுக்குள் இறங்கித் தங்கிய தண்ணீர். தூய நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 14 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுத்தான் கரையும், அதனால் கரையாது என்று புத்தகம் எழுதுவதில் தவறில்லை. ஆனால் மழைத் தண்ணீர் தூய நீர் அல்ல. வளியில் உள்ள காபனீரொட்சைட்டு அதில் கரைவதால் அதன் பீஎச் 5.6 அளவில் இருக்கும். அது செம்மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டு இன்னும் நிறையச் சேர்ந்து காபோனிக் அமிலம் கூடுகிறது. அப்படி அமிலமான தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைத் தொட்டால்:

கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு → கல்சியம் இருகாபனேற்று

இருகாபனேற்று நன்றாகக் கரையும். ஆகவே உங்கள் கிணற்றில் இருப்பது காபனேற்று அல்ல, இருகாபனேற்று. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, அம்புக்குறி அப்படியே திரும்புகிறது:

கல்சியம் இருகாபனேற்று → கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

இந்தத் தடவை வருவது கரையாத காபனேற்று, அது கேத்தலில் படிகிறது. முதலாவது தாக்கம் நிலத்துக்கு அடியில் எத்தனையோ ஆயிரம் வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு பார்த்திருப்பீர்கள். அது மனிதர் வெட்டிய கிணறு அல்ல, சுண்ணாம்புக்கல் இப்படிக் கரைந்து குழியாகி உண்டானது. மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்த் தண்ணீருமாக இருப்பதற்குக் காரணம் வேறு: கடல் நீர் அடர்த்தி கூடியது, கல்லுக்கு உள்ளால் கீழே ஊடுருவி நிற்கிறது.

புன்னாலைக்கட்டுவன்_தரம்11

அப்படியானால் சுண்ணாம்பு நீர்ச் சோதனையில் காபனீரொட்சைட்டைச் செலுத்தும்போது முதலில் பால் நிறமாகி, தொடர்ந்து செலுத்தினால் திரும்பத் தெளிகிறதே, அந்தத் தெளிவும் இதே தாக்கமா?

செம்மண்

ஓம், அதேதான். பால் நிறம் கல்சியம் காபனேற்று வீழ்படிவு. வாயு மேலதிகமாகப் போகும்போது அது இருகாபனேற்றாகிக் கரைகிறது. இன்னொன்று செய்து பாருங்கள், பலர் இதைச் செய்வதில்லை: தெளிந்த பிறகு அந்தச் சோதனைக்குழாயை மெதுவாகச் சூடாக்குங்கள், மறுபடி கலங்கும். கிணறும் கேத்தலும் ஒரே சோதனைக்குழாய்க்குள் வந்துவிடும்.

அளவியும்_குழாயியும்

நான் வலிகாமத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் சிநேகிதி சொல்வதிலும் நியாயம் உண்டு, நீங்கள் சொல்வதிலும் உண்டு, ஏனென்றால் இரண்டு பேரும் வேறு வேறு வரைவிலக்கணத்தை வைத்துப் பேசுகிறீர்கள். 1880களில் அரேனியஸ் சொன்னபடி நீரில் ஐதரசன் அயனைத் தருவது அமிலம், ஐதரொட்சைட்டு அயனைத் தருவது மூலம். பாடசாலையில் நீங்கள் தொடங்குவது இங்கேதான். 1923இல் புரொன்ஸ்டட், லோறி இருவரும் தனித்தனியே அதை விரித்தார்கள்: ஐதரசன் அயனைக் கொடுப்பது அமிலம், வாங்குவது மூலம். அந்தக் கணக்கில் காபனேற்று அயன் மூலமேதான், இரண்டு ஐதரசன் அயன்களை வாங்கக்கூடியது. வாங்கி முடித்தால் காபோனிக் அமிலம், அது நிலைக்காமல் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகிறது. நீங்கள் காணும் நுரை அந்த வாயு.

பரீட்சையில் தாக்க வகையைக் கேட்டால் அமிலமும் காபனேற்றும் தாக்கி உப்பு, நீர், காபனீரொட்சைட்டு தருகின்றன என்று எழுதுங்கள். காபனேற்று அமிலத்தை நடுநிலையாக்குகிறது என்று சேர்த்து எழுதினாலும் இரசாயனம் பிழைக்காது. வயிற்றெரிவுக்குச் சப்பித் தின்னும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது இதே கல்சியம் காபனேற்றுத்தான், வயிற்றில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தை அது குறைக்கிறது.

மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான், சமன்பாட்டைப் பார்க்கும் முன் ஐதரசன் அயன் எங்கே போகிறது என்று பாருங்கள். ஐதரொட்சைட்டிடம் போனால் நீர். காபனேற்றிடம் போனால் நீரும் வாயுவும். மக்னீசியம், நாகம் (துத்தநாகம்) போன்ற உலோகத்திடம் போனால் இலத்திரனை வாங்கிக்கொண்டு ஐதரசன் வாயு. மிச்சமுள்ள சோடியம் அயன், குளோரைட்டு அயன் எல்லாம் தண்ணீருக்குள் சும்மா நிற்கின்றன. இதற்கு நல்ல சான்று வெப்பம். ஐதரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஐதரொட்சைட்டும் தாக்கினாலும், நைத்திரிக் அமிலமும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் தாக்கினாலும், ஒரு மூல் (பொருளின் அளவை எண்ணும் அலகு) நீர் உண்டாகும்போது வெளிவருவது ஏறக்குறைய 57 கிலோயூல்தான். பெயர்கள் நாலும் மாறியும் வெப்பம் மாறவில்லை, ஏனென்றால் உண்மையில் நடந்த தாக்கம் ஒன்றே: ஐதரசன் அயன் + ஐதரொட்சைட்டு அயன் → நீர்.

வகுப்பு_சேர்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைக்கு இப்போது புரொன்ஸ்டட்டும் லோறியும் எதற்கு? ஒரு பாடத்துக்குள் உயிரியல், பௌதிகம், இரசாயனம் மூன்றும் படிக்க வேண்டும், நேரம் இல்லை. அமிலத்துக்குப் பொதுச் சமன்பாடு மூன்று: உலோகத்தோடு உப்பும் ஐதரசனும், மூலத்தோடு உப்பும் நீரும், காபனேற்றோடு உப்பும் நீரும் காபனீரொட்சைட்டும். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து உதாரணம் எழுதிப் பழகினால் புள்ளி வரும். விளக்கம் உயர்தரத்தில் வரட்டும். வகுப்புக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகம் இல்லை, மெல்லப் படிக்கிற பிள்ளை பிடித்து நிற்க ஒரு கொழுகொம்பு வேண்டும்.

அளவியும்_குழாயியும்

சேர், அந்த மூன்றையும் பாடமாக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதோடு நிறுத்தினால் என்ன நடக்கிறது என்பதைத்தான் விடைத்தாள்களில் பார்க்கிறேன். செப்பும் ஐதான ஐதரோகுளோரிக் அமிலமும் தாக்கிச் செப்புக் குளோரைட்டும் ஐதரசனும் வரும் என்று எழுதி, அழகாகச் சமப்படுத்தியும் விடுகிறார்கள். பொதுச் சமன்பாட்டின்படி அது சரி, உண்மையில் தாக்கமே நடக்காது, ஏனென்றால் உலோகங்களின் தாக்குதிறன் வரிசையில் செப்பு ஐதரசனுக்குக் கீழே இருக்கிறது.

இன்னொரு உதாரணம். மாபிள் துண்டில் ஐதான சல்பூரிக் அமிலத்தை விட்டால் மூன்றாவது சமன்பாட்டின்படி வாயு தொடர்ந்து வர வேண்டும். ஆனால் கொஞ்ச நேரம் நுரைத்துவிட்டு அடங்கிவிடும். உண்டாகும் கல்சியம் சல்பேற்று அரிதாகவே கரையும், துண்டின் மேல் படையாக மூடி அமிலம் உள்ளே போகாமல் தடுத்துவிடுகிறது. ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டுத் தயாரிக்க ஐதரோகுளோரிக் அமிலம் எடுப்பது இதனால்தான், கல்சியம் குளோரைட்டு நன்றாகக் கரைந்துவிடும். மனப்பாடம் செய்த பிள்ளையிடம் "ஏன் நின்றது" என்று கேட்டால் பதில் இருக்காது.

வகுப்பு_சேர்

மாபிள் உதாரணம் நல்லது, வகுப்பில் சொல்வேன். ஆனாலும் வரிசை முக்கியம் என்பதே என் நிலைப்பாடு. முதலில் மூன்று சமன்பாடு, பிறகு அவை பொருந்தாத இடங்கள், அதற்குப் பிறகுதான் அயன்கள். அயனில் தொடங்கினால் பாதி வகுப்பு முதல் நாளே கைவிட்டுவிடும், எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கேட்டு விளங்க ஆள் இல்லை.

பனங்கூடல்

வடமராட்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பனைத் தொழில் செய்தவர்கள். உதாரணம் தேடி ஆய்வுகூடத்துக்கே போக வேண்டியதில்லை, பனையடியிலேயே ஒரு முழு அலகு இருக்கிறது.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கிடைப்பது கருப்பநீர், பூசாமல் கட்டினால் கள். இரண்டும் ஒரே பாளையிலிருந்து வடியும் அதே சாறுதான். மரத்தில் தொங்கும்போதே மதுவம் (ஈஸ்ட்) சாற்றில் உள்ள வெல்லத்தை எதைல் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றத் தொடங்கிவிடும், கள் நுரைப்பது அதனால். பக்கத்திலேயே பற்றீரியாக்களும் வேலை செய்து அமிலத்தை உண்டாக்கும், சாறு புளிக்கும். சுண்ணாம்பு என்பது கல்சியம் ஐதரொட்சைட்டு, அதன் நிரம்பிய கரைசலின் பீஎச் 12க்கு மேல். அது வரும் அமிலத்தை நடுநிலையாக்குவதோடு நின்றுவிடாமல் சாற்றை மூலப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது, அந்த நிலையில் மதுவத்தால் வேலை செய்ய முடியாது. பனங்கட்டி காய்ச்சும் முன் தெளியவிட்டு வடிப்பது மேலதிகச் சுண்ணாம்பை நீக்கத்தான்.

கள்ளை அப்படியே விட்டு வைத்தால் வேறு பற்றீரியா வளியில் உள்ள ஒட்சிசனைக் கொண்டு அற்ககோலை அசற்றிக் அமிலமாக்கும். கள்ளில் வினாகிரி எடுப்பது அப்படித்தான். தங்கச்சி, நீங்கள் ஆய்வுகூடத்தில் எடுத்த வினாகிரியில் இருந்ததும் இதே அமிலம்.

சூளைக்கல்

பனங்கூடல் சொன்ன அந்தச் சுண்ணாம்பும் கேத்தல் படிவும் ஒரே குடும்பம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் சுட்டால் காபனீரொட்சைட்டு போய்க் கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சும், அது நீறாத சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறிக் கல்சியம் ஐதரொட்சைட்டு ஆகும், இது வலுவான புறவெப்பத் தாக்கம். சுவரில் பூசினால் வளியில் உள்ள காபனீரொட்சைட்டை மெதுவாக எடுத்து மறுபடி கல்சியம் காபனேற்றாக இறுகும். எங்கள் பழைய கல்வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து இறுகியது இப்படித்தான். பிரிகை, சேர்க்கை, நடுநிலையாக்கம் மூன்றையும் இந்த ஒரு கல்லை வைத்தே படிக்கலாம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியதும் இந்தக் கல் இங்கே காலடியில் கிடந்ததால்தான்; 1990இல் போரோடு அது நின்றது.

நீறாத சுண்ணாம்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். கண்ணில் பட்டால் அங்குள்ள ஈரத்தோடு தாக்கி வெப்பத்தையும் வன்மூலத்தையும் சேர்த்தே தரும், பார்வை போகும் அளவுக்குக் காயம் வரலாம்.

அளவியும்_குழாயியும்

மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. தாள் பழசில்லை. குறிப்பில்தான் பாதி விட்டுப்போயிருக்கிறது.

வன்னமிலமும் வன்மூலமும் சரியான அளவில் தாக்கினால்தான் 7, அதுவும் 25 பாகை செல்சியசில். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் மென்னமிலம். ஒரு லீற்றரில் 0.1 மூல் உள்ள கரைசலில் நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அயனாகப் பிரிந்திருக்கும், ஆகவே அதன் பீஎச் 2.9 அளவில். அதே செறிவில் ஐதரோகுளோரிக் அமிலம் முழுதாகப் பிரியும், பீஎச் 1. இங்கே பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மென்னமிலம் என்றால் குறைந்த சோடியம் ஐதரொட்சைட்டுப் போதும் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரே செறிவில் ஒரே கனவளவு எடுத்தால் இரண்டுக்கும் சம அளவு மூலம் வேண்டும், ஏனென்றால் பிரிந்திருந்த ஐதரசன் அயன்கள் நீராகத் தீரத் தீர மற்ற மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வரும். மென்மை என்பது எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதை அல்ல.

எல்லாம் தாக்கி முடிந்ததும் கரைசலில் மிஞ்சுவது சோடியம் அசற்றேற்று. அசற்றேற்று அயனுக்கு ஐதரசன் அயனைத் திரும்ப வாங்கும் விருப்பம் கொஞ்சம் உண்டு, நீரிடமிருந்து வாங்கி ஐதரொட்சைட்டை விட்டுவிடும். அதனால் இறுதியில் பீஎச் 8.7 பக்கம் நிற்கும். நீங்கள் கண்ட நிறம் சரி. அமோனியாவையும் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் எடுத்தால் மறுபக்கம், 5.3 அளவில் முடியும்.

நியமிப்பில் (அமிலமும் மூலமும் எந்த அளவில் சரியாகத் தாக்கி முடிகின்றன என்று அளக்கும் சோதனையில்) காட்டியை, அதாவது நிறம் மாறி முடிவைக் காட்டும் பொருளை, தெரிவு செய்வதும் இதை வைத்துத்தான். வினாகிரிக்கு பினோல்த்தலீன், அது 8.3க்கும் 10க்கும் இடையில் நிறம் மாறும். மெதைல் செம்மஞ்சள் 3.1க்கும் 4.4க்கும் இடையில் மாறுவதால் தாக்கம் முடிய வெகு முன்பே முடிந்ததாகக் காட்டிவிடும்.

கணக்குப்புலி_கொக்குவில்

கேத்தலுக்கு எவ்வளவு வினாகிரி வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. கல்சியம் காபனேற்றின் மூலர்த் திணிவு 100 கிராம், அசற்றிக் அமிலம் 60. ஒரு மூல் காபனேற்றுக்கு இரண்டு மூல் அமிலம், ஆகவே 100 கிராமுக்கு 120 கிராம். படிவு 5 கிராம் என்றால் அமிலம் 6 கிராம். வினாகிரி 4 வீதம் என்று வையுங்கள், 150 மில்லிலீற்றர் வேண்டும். ஒரு கரண்டி விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்வதில் பயனில்லை. இப்படி ஒரு கணக்குச் செய்தால் மூல் எண்ணக்கரு தானாகப் பிடிபடும்.

மருந்துக்கலவை_அக்கா

கணக்கு சரி, ஆனால் படிவு என்றதும் வீட்டில் செய்கிற ஆபத்தான வேலை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மலசலகூடத்தில் படிந்த உப்புக்கறைக்கு ஐதரோகுளோரிக் அமிலம் உள்ள கழுவியை ஊற்றிவிட்டு, போகவில்லை என்று அதன் மேலேயே வெளிற்றும் திரவத்தையும் ஊற்றுகிறார்கள். வெளிற்றும் திரவத்தில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், கதவு சாத்திய சின்ன அறையில் நுரையீரலைப் பாதிக்கும். கிணற்றுக்குப் போடுகிற வெளிற்றும் தூளுக்கும் இதே விதி. இரண்டையும் ஒருநாளும் சேர்க்க வேண்டாம், ஒன்றைப் பாவித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மற்றது.

அமிலத்தை ஐதாக்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், கலக்கிக்கொண்டே. செறிந்த சல்பூரிக் அமிலத்தின் மேல் தண்ணீரை விட்டால் வெளிவரும் வெப்பத்தில் அந்தத் தண்ணீர் அதே இடத்தில் கொதித்து அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும்.

புன்னாலைக்கட்டுவன்_தரம்11

எல்லோருக்கும் நன்றி, மூன்றும் விளங்கினது. வகுப்பு சேர் சொன்ன மூன்றையும் பாடமாக்கிவிட்டு ஒவ்வொன்றிலும் ஐதரசன் அயன் எங்கே போகிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன். கடைசியாக ஒன்று: வீட்டில் பீஎச் தாள் இல்லை. செவ்வரத்தம்பூவைக் காட்டியாக எடுக்கலாம் என்கிறார்களே, கிணற்றுத் தண்ணீரை அதில் பார்க்க முடியுமா?

செம்மண்

முடியும். சிவப்புச் செவ்வரத்தம்பூ இதழ்களைக் கொஞ்சச் சுடுதண்ணீரில் ஊற விட்டு வடியுங்கள். தேசிக்காய்ப் புளியில் இளஞ்சிவப்பு, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் பச்சை. காட்டி தயாரிக்கக் கிணற்றுத் தண்ணீர் எடுக்க வேண்டாம், அதில் உள்ள இருகாபனேற்று நிறத்தைத் தொடக்கத்திலேயே மாற்றிவிடும். மழைத் தண்ணீர், அல்லது பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். பிறகு ஒரே அளவு காட்டியை மூன்று கோப்பைகளில் விட்டு, ஒன்றில் கொதிக்க வைக்காத கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கொதித்து ஆறிய கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் மழைத் தண்ணீர். காபனீரொட்சைட்டு போன பிறகு பீஎச் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுப் பாருங்கள். மஞ்சள் கரைசலிலும் செய்யலாம், மூலத்தில் செங்கபிலமாகும், ஆனால் அமிலத்துக்கும் நடுநிலைக்கும் வித்தியாசம் காட்டாது.